மூன்றாவது பெட்டி

ஒரு காரை முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு, அது இன்ன வகை என்று நோட்டில் எழுதியவன் நான். எழுதியது தப்பு. அந்தத் தப்பினால் ஓர் ஆள் காப்பிச் செடிகளுக்கு நடுவில், நாங்கள் உட்கார்ந்திருந்த கேட் ரூமிலிருந்து நடந்தால் இருபது நிமிஷத் தூரத்தில், யாரும் தேடாமல் கிடந்தார். இதை இதுவரை ஒருவரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொன்ன இடத்திலும் பாதிதான் சொன்னேன். மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற ரோட்டில் பாதி வழியில் பிரிந்து உள்ளே போகிற ஒரு காப்பி எஸ்டேட். பெயர் வேண்டாம். மேல் கேட்டில் நுழைந்தால் எஸ்டேட் ரோடு சில்வர் ஓக் மரங்களுக்குள் வளைந்து வளைந்து இறங்கி, கீழ்க் கேட்டைத் தாண்டி மறுபடி பஸ் ரோட்டில் சேரும். முதலாளி உள்ளே நாலு காட்டேஜ் கட்டியதிலிருந்து கார்கள் வர ஆரம்பித்தன. பிறகு செல்போன் மேப்பும் அந்த ரோட்டைக் குறுக்குவழி என்று காட்டத் தொடங்கியது. காட்டேஜுக்கு வராதவர்களும் வந்தார்கள். தடுத்தால் சண்டை. சரி, விடுங்கள், ஆனால் யார் போனார்கள் என்று எழுதி வையுங்கள் என்றார் முதலாளி. அதற்காக மேல் கேட்டில் ஒரு ரூம், ஒரு மேஜை, ஒரு நோட்டு, ஒரு ரைட்டர். அந்த ரைட்டர் நான்.

அப்பா அதே கேட்டில் வாட்ச்மேன். நான் வருவதற்குப் பல வருஷம் முந்தியே அங்கே குறுக்குக் கம்பியைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தவர். எங்கள் ஊட்டில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவன் நான். அப்பா சம்பளத்துக்கே கைநாட்டு வைப்பவர். ஆனால் அவரிடம் ஒரு பலகை இருந்தது. கறுப்புப் பெயின்ட் அடித்த தகரம், கேட் ரூமின் வெளிச்சுவரில் ஆணியில் தொங்கும். உள்ளே போன ஒவ்வொரு வண்டியையும் அதில் சாக்பீஸால் வரைந்து வைப்பார். வண்டி திரும்பி இந்த வழியே வெளியே வந்தால் கை விரலால் அழிப்பார். கீழ்க் கேட் வழியாகப் போய்விட்டவை சாயங்காலம்வரை பலகையில் நிற்கும். பொழுது சாய்ந்ததும் ஈரத்துணியால் மொத்தமாகத் துடைப்பார்.

படம் என்றால் பெரிய படமெல்லாம் இல்லை. கட்டங்கள்தான். தாழ்ந்த கட்டம், உயர்ந்த கட்டம், மறுபடி தாழ்ந்த கட்டம் என்று மூன்று ஒட்டியிருந்தால் டிக்கி வைத்த கார். தாழ்ந்தது ஒன்று, உயர்ந்தது ஒன்று, அவ்வளவுதான் என்றால் டிக்கி இல்லாத சின்னக் கார். நீளமாக ஒரே கட்டம் என்றால் வேன். ஜீப்புக்கு முதுகில் ஒரு வட்டம், அது ஸ்டெப்னி. வெள்ளை வண்டிக்குக் கட்டம் காலி. கறுப்பு, நீலம், சிவப்பு எல்லாவற்றுக்கும் உள்ளே சாக்பீஸைத் தேய்த்துவிடுவார். தினமும் வந்து போகிற டாக்ஸிக்காரர்கள் வண்டியை நிறுத்தி இறங்கிப் பலகையைப் பார்ப்பார்கள்.

"ஏனுங்க, என் வண்டிக்கு மூக்கு இம்புட்டுச் சின்னதாவா இருக்குது?"

"போன வாரம் மரத்துல இடிச்சீங்கல்ல. அதுக்கப்பறம் இம்புட்டுத்தான் மிச்சம்."

அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வண்டி கேட்டைத் தாண்டி முழுசாகப் போகும்வரை சாக்பீஸைத் தொட மாட்டார். கம்பியைப் பிடித்தபடி நின்று, வண்டியின் முதுகு வளைவில் மறைவதைப் பார்த்துவிட்டுத்தான் பலகைப் பக்கம் வருவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கம்பியை இறக்க வேண்டுமே, அதற்காக நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேலத்தில் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தபோது இரண்டாம் வருஷம் பாடி இன்ஜினியரிங் என்று ஒரு பாடம். முதல் வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் மூன்று பெட்டிகள் வரைந்தார். முதல் பெட்டி இன்ஜினுக்கு, நடுப்பெட்டி மனிதர்களுக்கு, மூன்றாவது பெட்டி சாமான்களுக்கு. இப்படி மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் அது செடான். மூன்றாவது பெட்டி நடுப்பெட்டியோடு கலந்துவிட்டால் ஹேட்ச்பேக். எல்லாம் ஒரே பெட்டியானால் வேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன சிரிப்பு?" என்றார். "எங்கப்பாவும் இதையேதானுங்க சார் வரைவாரு" என்றேன். அவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டார். எஸ்டேட் கேட்டில் வாட்ச்மேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "டிரான்ஸ்போர்ட்டுலங்க" என்றேன்.

அந்தப் பாடம் எனக்குப் பிடித்துப்போயிற்று. கூரையைத் தாங்கும் தூண்களுக்கு முன்னிருந்து பின்னாக ஏ, பி, சி என்று பெயர். முன்கண்ணாடியின் ஓரத்தில் இருப்பது ஏ பில்லர். இரண்டு கதவுக்கும் நடுவில் பி. பின்கதவுக்குப் பின்னால் சி. செடானில் சி பில்லரோடு கூரை முடிந்து, கண்ணாடி சரிந்து, அதன்பின் டிக்கி மூடி மேஜை போல் நீண்டு நிற்கும். ஹேட்ச்பேக்கில் சி பில்லர் தாண்டினால் ஒன்றுமில்லை, நேராகப் பம்பர். கண்ணாடியோடு சேர்ந்து பின்கதவே மேலே தூக்கிக்கொள்ளும். கூரையைக் கடைசிவரை நீட்டி, சாமான் பெட்டியையும் அதன்கீழ் கொண்டுவந்தால் ஸ்டேஷன் வேகன். அதைச் சீமையில் எஸ்டேட் என்பார்களாம். காப்பி எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதுவும் வேடிக்கையாக இருந்தது. இவ்வளவு பெயர்களுக்கும் காரணம் சி பில்லருக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று பரீட்சையில் எழுதினேன். முழு மார்க் கிடைத்தது. எழுதியவனுக்கு அது உறைக்கவில்லை.

படித்துவிட்டு வேலை தேடி அலைந்து, கடைசியில் அப்பா இருந்த கேட்டுக்கே ரைட்டராக வந்தேன். வந்ததும் முதல் வேலையாக நோட்டை மாற்றினேன். முன்பிருந்த ரைட்டர் காலத்தில் "வண்டி" என்று ஒரே பத்திதான் இருந்தது. நான் அதை எண், நிறம், பாடி டைப் என்று மூன்றாகப் பிரித்தேன். மேனேஜர் பார்த்துவிட்டு, "ஆர்டிஓ ஆபீஸ்ல கூட இப்படி இல்லப்பா" என்றார். அப்பா அந்தப் பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எம்பையன் எழுதுனா கோர்ட்டுல செல்லும்" என்று டாக்ஸிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் பலகையை விடவில்லை. "எனக்குத் தெரியோணுமில்ல கண்ணு" என்றார்.

ஐப்பசி மாதம் அது. மூன்று நாளாக விடாத மழை, மழை விட்டால் மேகம் இறங்கிவிடும். காப்பி பறிப்பு இன்னும் தொடங்கவில்லை, மழைக்கு ஆட்களும் வேலைக்கு வரவில்லை. காலை ஒன்பது மணிக்குமேல் இருக்கும். ரூம் ஜன்னலுக்கு முன்னால் இரண்டு ஹெட்லைட் மஞ்சளாக வந்து நின்றது. வழக்கமாக நோட்டோடு வெளியே போய் நம்பரைப் பார்த்து எழுதுவேன். அன்றைக்குக் குளிர். கண்ணாடியைக் கையால் துடைத்துப் பார்த்தேன். வெள்ளை வண்டி. நம்பர் பிளேட் பனியிலும் சேற்றிலும் தெரியவில்லை. முகம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது: விளக்கின் வடிவம், நடுவில் கிரில், பானட்டின் மடிப்பு. எனக்குத் தெரிந்த முகம்தான். மலையில் ஓடும் சின்னக் கார்களில் பாதி அந்த முகம்.

நேரத்தைக் குறித்து, எண் என்ற இடத்தில் "பனி" என்றும், நிறம் வெள்ளை என்றும், பாடி டைப் ஹேட்ச்பேக் என்றும் எழுதினேன். கையெழுத்து அழகாகவே விழுந்தது.

எனக்குத் தெரியாமல் போன விஷயமில்லை அது. நாலு மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்பதற்காக, சின்ன ஹேட்ச்பேக்கின் முதுகில் ஒரு குட்டி டிக்கியை ஒட்டிச் செடான் என்று விற்கிறார்கள். முன்னால் நின்று பார்த்தால் இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள். பாடத்தில் படித்ததுதான், தினமும் கேட்டில் பார்ப்பதும்தான். எழுந்து வாசல்வரை போயிருந்தால் போதும். நாலு எட்டு.

அப்பா வெளியே சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கம்பியைத் தூக்கினார். வண்டி போயிற்று. கொஞ்சம் நின்றுவிட்டுப் பலகைப் பக்கம் போனார். ஈரத்தகரத்தில் சாக்பீஸ் கீச்சென்று இழுபடும் சத்தம் கேட்டது.

பதினொரு மணிக்கு ஒரு டாக்ஸி வந்தது. முன்சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கினார். முப்பது வயதுக்குமேல் இருக்கும். புடவைக்கு மேல் ஆண்கள் போடுகிற ஸ்வெட்டர், கையில் போன். நாமக்கல் பக்கமிருந்து வந்து டவுனில் லாட்ஜில் தங்கியிருக்கிறார்கள். அவருடைய மாமியாருக்குக் கால் வராது. சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டுமென்று வந்தார்கள். வழி எப்படி இருக்கிறது, வீல்சேரில் எதுவரை தள்ளிப்போகலாம் என்று பார்த்துவருகிறேன் என்று கணவர் மட்டும் காலையில் காரை எடுத்துக்கொண்டு போனவர், ஒன்பது மணிக்கு ஒரு தடவை பேசினார். மேப் எஸ்டேட் வழியா எங்கேயோ காட்டுது என்றாராம். அதற்குப் பிறகு போன் போகவில்லை.

"நீங்க பாத்தீங்களாங்க? வெள்ளைக் காருங்க."

என்ன வண்டி என்று கேட்டேன். கம்பெனிப் பெயரைச் சொன்னார். நம்பரைச் சொன்னார். என் நோட்டில் நம்பர் இல்லை.

"டிக்கி வச்ச வண்டியாங்க, டிக்கி இல்லாததா?"

"டிக்கி வச்சதுங்க. அத்தையோட வீல்சேருக்காகத்தான் அதை வாங்குனோம். சின்ன வண்டியில அது உள்ளயே போகாதுங்க. இப்பவும் அதுலதான் இருக்குது."

நான் நோட்டைப் பிரித்து அவருக்கு முன்னால் திருப்பி வைத்தேன். அந்த வரியில் விரலை வைத்தேன். "வெள்ளை ஒண்ணுதாங்க போச்சு. அது ஹேட்ச்பேக். டிக்கி இல்லாதது. உங்க வண்டி இந்த வழியா வரலீங்க."

ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த அப்பா சொன்னார்: "டிக்கி வச்ச வண்டிதாங்க போச்சு."

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். டாக்ஸி டிரைவரும் பார்த்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"அப்பா, நீங்க சும்மா இருங்க. நான் பாத்து எழுதியிருக்கறன்."

"இல்ல சாமி, நானு..."

"உங்களுக்குத் தெரியாது."

அவர் கம்பிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய பலகை ரூமின் வெளிச்சுவரில், வந்தவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தெரியாத பக்கத்தில் தொங்கியது. அதில் மூன்று காலிக் கட்டங்கள் இருந்தன. நான் போய்ப் பார்க்கவில்லை. அந்தப் பெண் இன்னொரு தடவை நோட்டைப் பார்த்தார். எழுத்தின்மேல் விரலை ஓட்டிப் படித்தார். பிறகு, "அப்போ கொண்டை ஊசி வளைவுப் பக்கம்தான் போயிருப்பாருங்க" என்று டிரைவரிடம் சொன்னார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். போலீஸும் அன்று சாயங்காலம்வரை அந்தப் பக்கத்தில்தான் தேடியது. எஸ்டேட்டுக்குப் போன் செய்து கேட்டபோதும் நான்தான் எடுத்தேன். நோட்டைப் பார்த்து, இல்லை என்று மறுபடியும் சொன்னேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் ஹாரன் கேட்டது.

மலை ரோட்டில் ஹாரனுக்கு யாரும் தலையைத் திருப்ப மாட்டார்கள். ஒவ்வொரு வளைவிலும் அடிக்க வேண்டும், அடிக்காதவன்தான் தப்பு. நாங்கள் தூங்குவதே ஹாரன் சத்தத்தில். அது நீளமாக இரண்டு தடவை அடித்தது. கொஞ்சம் விட்டு ஒரு தடவை. பிறகு ரொம்ப நேரம் இல்லை. மறுபடியும்.

அப்பா ஜன்னலருகே வந்தார். "கண்ணு, இது ஓடற வண்டியில்ல. ஒரே எடத்துல நின்னு அடிக்குது."

"வளைவுல ரெண்டு வண்டி மூஞ்சிக்கு மூஞ்சி மாட்டிக்கிட்டிருக்கும்."

"போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வரட்டுமா?"

கேட்டில் ஆள் இல்லாமல் இருக்கக்கூடாது. அவர் போனால் நான் வெளியே வந்து மழையில் கம்பியருகே நிற்க வேண்டும். "நானு நிக்கறன், நீங்க போயிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இந்த மழையில எதுக்குங்கப்பா" என்றேன். அவர் போய்க் கம்பியருகே நின்றுகொண்டார். எஸ்டேட் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே நின்றார். ஹாரன் விட்டுவிட்டுக் கேட்டது. கடைசியில் அடித்தது நீளமாக இல்லை. சும்மா கை பட்ட மாதிரி. இரண்டு மணிக்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. "பாத்தீங்களா, வழி விட்டுப் போயிட்டாங்க" என்றேன் நான்.

நாலரை மணிக்கு மாடு தேடிப் போன ஒருத்தர் ஓடிவந்து சொன்னார், நாலாவது வளைவுக்குக் கீழே காப்பிக்குள் ஒரு வெள்ளைக் கார் கிடக்கிறது என்று.

நான் போனேன். அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். வண்டி ஒரு சில்வர் ஓக்கில் முட்டி நின்றிருந்தது. அவர் உள்ளே இருந்தார். கை ஸ்டியரிங் நடுவில் இருந்தது. வண்டியின் பின்பக்கம் மேட்டைப் பார்த்திருந்ததால் நான் இறங்கும்போது முதலில் கண்ணில் பட்டது அதுதான். மழையில் கழுவிவிட்ட மாதிரி வெள்ளையாக, ஒரு கீறல் இல்லாமல், டிக்கி.

மேனேஜர் வந்து கேட் ரூமில் நின்றார். போலீஸ் வருவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அவருக்கு. நோட்டைப் பார்த்தார். "ஹேட்ச்பேக்னு எழுதியிருக்குது. யாருப்பா பாத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "நாந்தானுங்க. பையன் உள்ளார இருந்தான். டிக்கி இல்லாத வண்டின்னு நாந்தான் சொன்னனுங்க. பனியில கண்ணு தெரியலீங்க."

சொல்லிவிட்டு வெளியே போனார். தலையிலிருந்த ஈரச்சாக்கை எடுத்தார். பலகை துடைபடும் சத்தம் உள்ளே கேட்டது. மேனேஜருக்கு அது என்ன சத்தம் என்று தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. நான் நோட்டை மூடி மேஜைமேல் நேராக வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

படிக்காத ஆள் தப்பாகச் சொல்லிவிட்டார் என்றால் எல்லோருக்கும் சுலபமாக விளங்குகிறது. யாரும் துருவிக் கேட்கவில்லை. அப்பாவைக் கேட்டிலிருந்து எடுத்துக் காட்டு வேலைக்குப் போட்டார்கள். களை வெட்டப் போனார், பிறகு மிளகு பறிக்க. ஊட்டில் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. ஒரே ஒரு தடவை, நான் சோற்றைப் பிசைந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "உனக்கு எழுதறதுக்கு இன்னும் நொம்ப நாள் கெடக்குது சாமி. சாப்புடு" என்றார்.

மீட்டு வந்த காரை இன்சூரன்ஸ் ஆட்கள் வரும்வரை கேட் ரூமுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு நிறுத்தியிருந்தார்கள். மூன்று வாரம் இருந்தது. முன்பெட்டி மோதலை வாங்கிக்கொண்டு நசுங்க வேண்டும், நடுப்பெட்டி நசுங்கக்கூடாது, அப்படித்தான் கட்டுகிறார்கள் என்று படித்திருக்கிறேன். முன்பெட்டி தன் வேலையைச் செய்திருந்தது, இல்லாமலே போயிருந்தது. நடுப்பெட்டி பாதி. மேகம் இறங்கும் காலையில் தார்ப்பாய்க்குள்ளிருந்து அந்த மூன்றாவது பெட்டி மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். இப்போது முன்னாலிருந்து பார்த்தால் யாராலும் அதற்கு ஒரு பெயரும் வைக்க முடியாது. ஒருநாள் மேனேஜர் சொல்லி நான்தான் டிக்கியைத் திறந்தேன். வீல்சேர் மடித்து, பெல்ட் போட்டு, பழைய போர்வையால் சுற்றி வைத்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதை எடுத்துக் கேட் ரூமில் என் மேஜைக்குப் பின்னால் வைத்தேன். நாற்காலியை நகர்த்தும்போதெல்லாம் முதுகில் இடிக்கும்.

மாசி மாதம் அந்தப் பெண் வந்தார். டவுனிலிருந்து ஒரு டாக்ஸியில், தனியாக. வீல்சேரை வாங்கிப்போக வந்திருந்தார். "அத்தைக்கு வேற வாங்கியாச்சுங்க. இருந்தாலும் அவரு மடிச்சு வச்சது" என்றார். பிறகு கேட்டைப் பார்த்தார். அங்கே வேறு வாட்ச்மேன் நின்றிருந்தார்.

"அன்னைக்கு இங்க ஒருத்தரு இருந்தாருங்களே. டிக்கி வச்ச வண்டிதான் போச்சுன்னு சொன்னாரு. அவரு எங்கீங்க?"

அன்றைக்கே அது அவர் காதில் விழுந்திருந்தது. அப்பா சொன்ன அந்த ஒரு வரியை, நான் அடக்கிய அந்த வரியை, இத்தனை மாதம் வைத்திருந்தார்.

அப்பா பக்கத்துச் சரிவில்தான் மிளகு பறித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். இடுப்பில் கட்டிய பையோடு மேலே வந்தார். அந்தப் பெண் அவரைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"நீங்க சொன்னதுதானுங்க நெசம். நாந்தான் கேக்கல. நோட்டுல எழுதியிருக்குதேன்னு அதை நம்பிட்டனுங்க. இன்னொரு வார்த்தை உங்களக் கேட்டிருந்தா... அதைத்தானுங்க நெனச்சிட்டே இருக்கறன்."

அப்பா தலையை ஆட்டினார். "இல்லீங்க அம்மிணி. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க. நானு ஏதோ ஒளறுனது."

நாலு மாதமாக அப்பா சுமந்தது போதாதென்று இந்தப் பெண்ணும் ஒரு பக்கம் சுமந்துகொண்டிருந்தார். இருவரும் என் முன்னால் நின்று, தப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமுங்க" என்றேன். "அவரு சரியாத்தான் வரைஞ்சு வச்சிருந்தாரு. நாந்தானுங்க தப்பா எழுதுனேன். முன்னால மட்டும் பாத்து எழுதிட்டேன். அவரு சொன்னதையும் நாந்தான் அடக்குனேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. விளங்கிக்கொள்ள முயற்சி செய்கிற மாதிரி.

"நீங்க வெளிய வந்து பாக்கலீங்களா?"

"இல்லீங்க."

"ஏனுங்க?"

"குளிருங்க."

அவர் மிளகுப் பையைப் பிடித்திருந்த அப்பாவின் கையைப் பார்த்தார், பிறகு எஸ்டேட் ரோடு இறங்கிப் போவதைப் பார்த்தார். வெயில் நன்றாக அடித்தது. நாலாவது வளைவுவரை தெரிந்தது.

"அவரு உடனே போயிட்டாருன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. எங்களுக்காகச் சொன்னாங்களோ என்னவோ. இங்க ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சுங்களா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் அதை என்னிடம் விட்டுவிட்டார்.

"இல்லீங்க" என்றேன். "மழைங்க. ஒண்ணும் கேக்கல."

வீல்சேரை நானே தூக்கிக்கொண்டு போனேன். வந்த டாக்ஸி சின்ன ஹேட்ச்பேக். பின்கதவைத் தூக்கி வைத்துப் பார்த்தோம், போகவில்லை. டிரைவர் பின்சீட்டை மடக்கிப் படுக்கவைத்து, சாய்த்து உள்ளே தள்ளினார். ஒரு சக்கரம் கூரையைத் தொட்டது. அந்தப் பெண் முன்சீட்டில் உட்கார்ந்து, கையைப் பின்னால் நீட்டி அது ஆடாமல் பிடித்துக்கொண்டார். அப்படியே போனார்.

அன்று சாயங்காலம் மேனேஜரிடம் போய் நோட்டு விஷயத்தைச் சொன்னேன். "இப்ப எதுக்குப்பா அதெல்லாம்" என்றார் அவர். மறுவாரம் அப்பாவை மறுபடி கேட்டுக்கு வரச் சொன்னார்கள். அவர் வரவில்லை. மிளகு முடியட்டும் என்றார். மிளகு முடிந்தது, காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்ட வேண்டும் என்கிறார். பலகை அதே ஆணியில் தொங்குகிறது. சாக்பீஸ் டப்பா ஈரத்தில் ஒட்டிக் கட்டியாகிவிட்டது.

நோட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஹாரனைச் சொல்லவில்லை. கேட்டது. பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குமேல்வரை கேட்டது. அப்பா போய்ப் பார்க்கிறேன் என்றார், நான் விடவில்லை. அந்தப் பெண்ணிடம் பொய் சொன்னது அவருக்காகவா எனக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. நான் எழுதும் இது அந்தப் பெண்ணின் கண்ணில் படலாம், படாமலும் போகலாம்.

இப்போது மேகம் இறங்கிய நாளில் நான் ரூமுக்குள் உட்காருவதில்லை. எஸ்டேட்டுக்குள்ளிருந்து ஹாரன் கேட்டால், புது வாட்ச்மேனிடம் கேட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அந்தச் சத்தத்தைப் பார்த்து நடக்கிறேன். பெரும்பாலும் முதல் வளைவுக்குள்ளேயே வண்டி எதிரில் வந்துவிடும். டாக்ஸிக்காரர்களுக்கு இது பழகிவிட்டது.

"என்னங்க ரைட்டரே, ஹாரன் அடிச்சா எதுத்தாப்பல வந்து மரியாதை பண்றீங்க?"

ஓரமாக ஒதுங்கி வழி விடுகிறேன். வண்டி என்னைத் தாண்டிப் போகும்வரை நிற்கிறேன். முதல் பெட்டி, நடுப்பெட்டி. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் திரும்புகிறேன். சில நாள் ஹாரன் மட்டும் கேட்கிறது, வண்டி வருவதில்லை. அன்றைக்கு நாலாவது வளைவுவரை போக வேண்டியிருக்கிறது.